வீட்டைக் கொடுத்துவிட்டு ஃப்ளாட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பில்டர் கேட்டபோது

நங்கநல்லூரில் அப்பா 1980-களில் கட்டிய வீடு ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில் இருக்கிறது. கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் வாடகைக்கு விட்ட சின்ன போர்ஷன், பின்பக்கம் கிணறு, இரண்டு தென்னை. அப்பா காலமான பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறார். அண்ணன் தாம்பரத்தில், நான் வேளச்சேரியில், தங்கை அமெரிக்காவில்.

பக்கத்து மனையை ஒரு பில்டர் வாங்கினார். கொஞ்ச நாளில் அவருடைய ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னது இதுதான்: வீட்டையும் மனையையும் எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். மேடவாக்கத்தில் நாங்கள் கட்டி முடித்த குடியிருப்பில் 1,400 சதுர அடியில் ஒரு ஃப்ளாட், 1,050 சதுர அடியில் இன்னொரு ஃப்ளாட் தருகிறோம். மேலே 40 லட்சம் ரூபாய். "ஜாயின்ட் வென்ச்சர்னா ரெண்டு வருஷம் வாடகை வீட்டுல இருக்கணும்மா. இது அப்படி இல்ல, சாவி வாங்கின மறுநாளே பால் காய்ச்சிடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. ஜாயின்ட் வென்ச்சர், சுருக்கமாக ஜேவி என்றால் வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு, அதே மனையில் பில்டர் கட்டும் ஃப்ளாட்டுகளில் பங்கு வாங்கிக்கொள்வது. கட்டி முடிக்கும்வரை வேறு இடத்தில் இருக்க வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பாதியில் நின்றுபோன கட்டடங்களை நாங்களே எங்கள் பகுதியில் பார்த்திருக்கிறோம். கண்ணுக்கு முன்னால் முடிந்து நிற்கும் ஃப்ளாட் என்றால் அந்தப் பயம் இல்லை. அதனால் வந்த ஆளைத் திருப்பி அனுப்பாமல், இந்தப் பேரத்தைச் சரியாக எடைபோடுவது என்று முடிவு செய்தோம். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் காகித வேலை என் பக்கம் வந்தது.

முதலில் எழுந்த கேள்வி, இவர் ஏன் ஜேவி கேட்கவில்லை என்பதுதான். எங்கள் தெருவில் வந்த பில்டர்கள் எல்லாரும் பாதிக்குப் பாதி, ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து என்றுதான் பேசியிருக்கிறார்கள். அண்ணனுக்குத் தெரிந்த ஒரு கட்டடப் பொறியாளர் அதை விளக்கினார். தனித்தனி மனையில் கட்டினால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நாலு பக்கமும் விதிப்படி இடம் விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி லிஃப்ட், தனி மாடிப்படி, தனி வண்டிப் பாதை. இரண்டையும் சேர்த்தால் நடுவில் விடும் இடம் மிச்சம். ஒரே லிஃப்ட், ஒரே பாதை போதும். சுற்றிலும் இடம் விட்டுவிட்டுப் பார்த்தால் ஒற்றைக் கிரவுண்டில் வசதியாகக் கட்ட முடியாத அளவை, சேர்த்த மனையில் தாராளமாகக் கட்டலாம். இத்தனைக்கும் மேல், நில உரிமையாளர் என்று ஒருவர் பங்கு கேட்டு நிற்காமல் மொத்த ஃப்ளாட்டும் அவர் விற்பனைக்குக் கிடைக்கும். மேடவாக்கத்தில் விற்காமல் கிடக்கும் இரண்டு ஃப்ளாட்டும் கை மாறிவிடும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரம். ஆனால் எங்கள் மனை வேறு யாரையும்விட இந்த ஒருவருக்கு அதிக மதிப்புள்ளது என்று இதிலிருந்து தெரிந்தது. பேரம் பேசும்போது இது பெரிய பலம். பக்கத்து மனைக்காரர் கேட்கிறார் என்றால், பொதுச் சந்தை விலையில் பேச்சை ஆரம்பிக்கவே தேவையில்லை.

சதுர அடிக்குச் சதுர அடி பார்க்கக் கூடாது

பில்டர் தரப்பு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தது. இரண்டு ஃப்ளாட்டும் சேர்த்து 2,450 சதுர அடி. சதுர அடிக்கு 9,500 ரூபாய் என்று 2 கோடியே 32 லட்சத்து 75 ஆயிரம். அதோடு 40 லட்சம். ஆக 2 கோடியே 72 லட்சம் சொச்சம். எங்கள் தெருவில் சமீபத்தில் கைமாறிய மனை சதுர அடி 12,000 ரூபாய்க்குப் போயிருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் மனை 2 கோடியே 88 லட்சம். "கிட்டத்தட்ட சமம்தானே மேடம், பழைய வீட்டை இடிக்கிற செலவும் எங்களுக்குத்தான்" என்றார்.

இடிப்புச் செலவு என்பதை முதலில் தள்ளிவிடுகிறேன். சென்னையில் பழைய வீட்டை இடிக்கும் ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் உரிமையாளருக்குப் பணம் கொடுத்துத்தான் எடுக்கிறார்கள். தேக்குக் கதவு, நிலை, ஜன்னல், இரும்பு, செங்கல் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. எங்கள் வீட்டு வாசல் கதவு பர்மா தேக்கு.

முக்கியமான இடம் அந்த 9,500. அது அவர் விற்க ஆசைப்படும் விலை. நாம் அந்த ஃப்ளாட்டை நாளைக்கு விற்கப் போனால் என்ன கிடைக்கும் என்பதுதான் நமக்கு அதன் மதிப்பு. நான் மேடவாக்கத்தில் இரண்டு புரோக்கர்களுக்கு போன் போட்டு, அதே குடியிருப்பின் பெயரைச் சொல்லி, "எங்களுக்கு அங்கே ஒரு ஃப்ளாட் இருக்கு, விற்கலாம்னு பார்க்கிறோம்" என்று கேட்டேன். இருவரும் 7,500-ஐச் சுற்றித்தான் சொன்னார்கள். வாங்குகிறவர் போலக் கேட்டிருந்தால் வேறு விலை சொல்லியிருப்பார்கள். 7,500 என்று வைத்தால் இரண்டு ஃப்ளாட்டும் 1 கோடியே 83 லட்சத்து 75 ஆயிரம். 40 லட்சத்தைச் சேர்த்தால் 2 கோடியே 23 லட்சத்து 75 ஆயிரம். எங்கள் மனை விலைக்கும் இதற்கும் 64 லட்சத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் பெரும்பகுதி ஒரு சதுர அடி விலைக்குள் ஒளிந்திருந்தது.

அடுத்து நிலம். ஃப்ளாட்டோடு வருவது யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. பெரிய ஃப்ளாட்டுக்கு 620 சதுர அடி, சின்னதுக்கு 465. மொத்தம் 1,085. அங்கே மனை விலை சதுர அடி 6,500 என்று வைத்தால் சுமார் 70 லட்சம் மதிப்புள்ள நிலம். நாங்கள் கொடுப்பதோ 2 கோடியே 88 லட்சம் மதிப்புள்ள நிலம். மீதி எல்லாம் வருஷம் ஆக ஆக மதிப்புக் குறையும் கட்டடமாகவும், கொஞ்சம் ரொக்கமாகவும் கைக்கு வருகிறது. இருபது வருஷம் கழித்து அந்தக் கட்டடம் பழசாகும்போது எங்கள் பிள்ளைகளிடம் மிஞ்சுவது அந்த 1,085 சதுர அடிப் பங்குதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜேவி கணக்கையும் போட்டேன். தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனை அளவைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி. அகலமான சாலை என்றால் கட்டணம் கட்டிக் கூடுதலும் வாங்கலாம். 55 சதவீதம் எங்கள் பங்கு என்றால் 2,640 சதுர அடி, நங்கநல்லூரிலேயே. நிலப் பங்கும் 1,320 சதுர அடி, அதுவும் நங்கநல்லூரிலேயே. காத்திருப்பு, வாடகை, பாதியில் நிற்கும் அபாயம் எல்லாவற்றுக்கும் ஒரு விலை போட்டுக் கழித்தாலும் ஜேவிதான் முன்னால் நின்றது. உடனே குடிபோகும் வசதிக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஃப்ளாட்டைப் பார்க்கப் போனது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பில்டரின் காரில் போய்ப் பார்த்தால் எல்லாக் குடியிருப்பும் அழகாகத்தான் இருக்கும். நானும் அண்ணனும் வேலை நாளில், விடியற்காலையில், சொல்லாமல் போய் வாசலில் நின்றோம். தண்ணீர் லாரி ஒன்று உள்ளே இருந்தது, இன்னொன்று தெருவில் காத்திருந்தது. தடித்த ஹோஸ் பைப்பை சம்ப்புக்குள் விட்டுவிட்டு டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி அண்ணன் ஒரு நோட்டு வைத்திருந்தார்: தேதி, லாரி எண், 12,000 லிட்டர், கையெழுத்து. பேச்சுக் கொடுத்துக்கொண்டே அதைப் புரட்டினேன். மழைக்காலத்தில் ஒரு பக்கத்தில் ஒரு வாரம் அடங்கியிருந்தது; மார்ச்சுக்குப் பிறகு ஒரு பக்கம் ஒரு நாளைக்குக்கூடப் போதவில்லை. விளம்பரப் புத்தகத்தில் நீச்சல் குளம் படம் இருந்தது. குளத்தில் தண்ணீர் இல்லை.

அங்கே பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு மூன்றரை ரூபாய். இரண்டு ஃப்ளாட்டுக்கும் மாதம் 8,575 ரூபாய், லாரித் தண்ணீருக்குத் தனி. சொந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீரும் மெட்ரோ வாட்டருமாக இருக்கும் அம்மாவுக்கு இது புதுச் செலவு. குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு இதைக் கணக்கில் சேர்க்காமல் எந்தப் பேரத்தையும் எடைபோட முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று குடியிருப்பில் கேட்கவில்லை. கட்டடமே அதற்குப் பிறகு வந்தது. எதிரில் இருந்த பழைய மளிகைக் கடைக்காரரைக் கேட்டோம். அவர் ஷட்டரில் முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். அந்தப் பக்கம் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதன் எல்லையில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று இடைக்காலமாக உத்தரவு போட்டது. ஏற்கெனவே முடிந்த கட்டடத்துக்கு அது வேறு கதை என்றாலும், சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையில் இருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடுவது நல்லது. மெட்ரோ ரயில் வருகிறது, விலை ஏறும் என்றும் பில்டர் தரப்பில் சொன்னார்கள். இரண்டாம் கட்ட வேலை அங்கே நடப்பது உண்மை. அந்த ஏற்றத்தைச் சேர்த்துத்தான் 9,500 என்று விலை வைத்திருக்கிறார்கள்.

வில்லங்கச் சான்றில் இருந்த ஒரு வரி

இதைத்தான் எல்லாருக்கும் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நம் வீட்டுப் பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் பில்டரின் வக்கீல் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். அதே அளவுக்கு அவர்கள் தரும் சொத்தை நாம் பார்க்கிறோமா? பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த மேடவாக்கம் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். நிலம் முழுவதும் ஒரு கடன் நிறுவனத்திடம் ஈடாக இருந்தது. மூல ஆவணங்களை ஒப்படைத்ததற்கான குறிப்பு பதிவாகியிருந்தது. அதை ரத்து செய்த ரசீது இல்லை.

"எல்லா பில்டரும் ப்ராஜெக்ட் லோன் வாங்குவாங்க மேடம், ஃப்ளாட் விற்கும்போது என்ஓசி கொடுத்துருவாங்க" என்றார்கள். என்ஓசி என்பது கடன் கொடுத்தவர் தரும் தடையில்லாச் சான்று. உண்மைதான். ஆனால் எங்கள் வக்கீல் ஒரு விஷயத்தைப் பிடித்தார். சாதாரணமாக ஃப்ளாட் வாங்குகிறவர் கொடுக்கும் பணம் கடன் கொடுத்தவர் கணக்குக்குப் போகிறது. அதை வாங்கிக்கொண்டுதான் அவர்கள் அந்த ஒரு ஃப்ளாட்டை ஈட்டில் இருந்து விடுவிக்கிறார்கள். மாற்றுப் பேரத்தில் நாங்கள் பணமே கொடுப்பதில்லை. நிலம் கொடுக்கிறோம். அப்படியானால் கடனைக் கட்டப் பணம் எங்கிருந்து வரும்? பில்டர் தன் கையில் இருந்து போட வேண்டும். அல்லது எங்கள் நங்கநல்லூர் மனையைக் காட்டிப் புதுக் கடன் வாங்க வேண்டும். இரண்டாவது நடந்தால், ஒரு கட்டத்தில் நாங்கள் கொடுத்த சொத்தும் ஈட்டில், எங்களுக்கு வர வேண்டிய சொத்தும் ஈட்டில்.

பில்டர் கொடுத்த வரைவு ஒப்பந்தம் அதற்குத்தான் வழி செய்திருந்தது. முதலில் ஒப்பந்தம், கூடவே திட்ட அனுமதி வாங்குவதற்கு என்று ஒரு பவர், அதாவது எங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம். வீட்டைக் காலி செய்த பிறகு, மூன்று மாதத்துக்குள் ஃப்ளாட் பத்திரம். அந்தப் பவரைப் படித்தால் அனுமதிக்கு விண்ணப்பிப்பது மட்டும் அதில் இல்லை. அடமானம் வைக்கவும், விற்கவும், ரசீது கொடுக்கவும் அதிகாரம் இருந்தது. எந்த நாளிலும் இரண்டு சொத்தும் பில்டர் கையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் வக்கீல் போட்ட கோடு. விலையில் ஐந்து பத்து விட்டுக்கொடுக்கலாம், இதில் விட்டுக்கொடுக்க முடியாது என்றார்.

சட்டமும் அதைத்தான் உணர்த்துகிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தில் பரிவர்த்தனைக்கு, அதாவது சொத்துக்குச் சொத்து மாற்றிக்கொள்வதற்கு என்று தனி அத்தியாயம் உண்டு. அதன் 119-ஆம் பிரிவு சொல்வது: மாற்றிக்கொண்டதில் எதிர்த்தரப்பின் உரிமையில் குறை இருந்து நாம் சொத்தை இழந்தால், நஷ்ட ஈடு கேட்கலாம், அல்லது நாம் கொடுத்த சொத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் திருப்பிக் கேட்பது, அந்தச் சொத்து இன்னும் அவரிடமோ, அவருடைய சட்டப் பிரதிநிதியிடமோ, விலை கொடுக்காமல் வாங்கியவரிடமோ இருந்தால் மட்டும்தான். எங்கள் மனையில் அடுக்குமாடி கட்டி, பத்துப் பேர் வங்கிக் கடன் போட்டு வாங்கிக் குடிவந்த பிறகு திரும்பக் கிடைக்க ஏதும் இல்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அந்த உரிமைகூட போய்விடும். அதனால் "இந்தப் பரிவர்த்தனையைப் பொறுத்து இரு தரப்பும் பின்னர் எந்த உரிமையும் கோர மாட்டார்கள்" என்ற மாதிரி ஒரு வரி கடைசிப் பக்கத்தில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் வரைவில் வந்தது.

பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது, அது கடினமும் இல்லை. ஒரே பரிவர்த்தனைப் பத்திரம். அதில் ஏ ஷெட்யூலில் நம் மனை, பி ஷெட்யூலில் ஃப்ளாட்டும் யூடிஎஸ்ஸும் கார் நிறுத்தும் இடமும். ஒரே கையெழுத்தில் இரண்டும் கைமாறும். இரண்டு சொத்தும் வேறு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்தாலும், ஏதாவது ஒன்று இருக்கும் அலுவலகத்தில் பதிந்தால் போதும். மற்ற அலுவலகத்துக்கு அவர்களே தகவல் அனுப்புவார்கள். முத்திரைத் தீர்வை, இரண்டில் மதிப்பு அதிகமான சொத்தின் மேல்தான் கணக்கு. கிரயத்தைப் போலவே 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். இரண்டு தனித்தனிக் கிரயப் பத்திரமாகப் போட்டால் இரண்டுக்கும் தீர்வை கட்ட வேண்டும். செலவை யார் ஏற்பது என்று முதல் பேச்சிலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் விஷயத்தில் பில்டர் ஏற்க ஒத்துக்கொண்டார்.

ஃப்ளாட் பக்கம் இன்னும் சில காகிதம்: பணி நிறைவுச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண். மாற்றாக வாங்குகிறவருக்கு ரெரா பொருந்தாது என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். சட்டத்தில் ஒதுக்கீடு பெற்றவர் என்பதற்கான விளக்கத்தில், விற்கப்பட்டது மட்டும் இல்லாமல் வேறு விதத்தில் மாற்றிக் கொடுக்கப்பட்டதும் அடங்கும். கட்டுமானக் குறை 5 வருஷத்துக்குள் தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். அந்த 5 வருஷம் ஒப்படைத்த நாளில் இருந்து ஓடுவதால், நமக்கு ஒப்படைக்கும் தேதியைக் கடிதமாகவே வாங்கிவிட வேண்டும்.

பணமே வாங்கவில்லை என்றாலும் வரி உண்டு

வீட்டுக்கு வீடு மாற்றுகிறோம், வரி எதற்கு என்று அண்ணன் கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தில் சொத்து மாற்றம் என்றால் விற்பனை மட்டும் இல்லை, பரிவர்த்தனையும்தான். கிடைக்கும் ஃப்ளாட்டின் மதிப்பும் ரொக்கமும் சேர்ந்து விற்ற விலை ஆகிவிடும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதையும் பார்ப்பார்கள். பழைய வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்ட முடியாது. 2024 ஜூலை 23-க்கு முன் நம் கைக்கு வந்த சொத்து என்றால் இந்தியாவில் வசிக்கும் எங்களுக்கு இரண்டு வழி: பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம், எது குறைவோ அது. அமெரிக்காவில் இருக்கும் தங்கைக்கு 12.5 மட்டும்தான், அவள் பங்குக்கு எதிர்த்தரப்பு வரியைப் பிடித்துக் கட்டும் ஏற்பாடும் வேறு.

வீடு விற்று வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கு, 1961 சட்டத்தின் எண்ணில் 54-ஆம் பிரிவு, இங்கேயும் உதவும். பொதுவாக ஒரு வீட்டுக்குத்தான். ஆதாயம் 2 கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இரண்டு வீட்டுக்கும் எடுக்கலாம். நாலு பேருக்கும் பங்கு இருப்பதால் ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றார் ஆடிட்டர். ஜேவியில் இன்னொரு வசதி: பதிவு செய்த கூட்டு ஒப்பந்தம் என்றால், தனிநபருக்கு வரி கணக்கு பணி நிறைவுச் சான்று வரும் வருஷத்தில்தான். மாற்றில் கைமாறிய வருஷமே. ரொக்கம் குறைவாக வாங்கும் பேரத்தில் அந்த வரியை எதிலிருந்து கட்டுவது என்று முன்பே யோசிக்க வேண்டும்.

யார் பெயரில்

பில்டரின் ஆள் ஒரு நாள், "பெரிய ஃப்ளாட் அம்மா பேர்ல, சின்னது சார் பேர்ல போட்டுக்கலாம். பொண்ணுங்களுக்கு அந்த 40 லட்சத்தைப் பிரிச்சுக் கொடுத்துட்டா முடிஞ்சுது" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்; எங்கள் பக்கம் வழக்கமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் உயில் இல்லாமல் காலமான இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமப் பங்கு என்று 1956 வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. பில்டர் பேரத்தைக் குறைத்து 2 கோடியே 23 லட்சம் என்று வைத்தாலும் கால் பங்கு 55 லட்சத்துக்கு மேல். 20 லட்சம் இல்லை. நான் சொல்வதற்கு முன் அண்ணனே, "அது நாங்க பேசிக்கிறோம்ங்க, நீங்க நாலு பேரையும் ஒரே மாதிரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்.

அம்மாவின் பங்கு அம்மா பெயரில்தான் பதிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பிள்ளைகள் பெயரில் ஃப்ளாட், அம்மா இருந்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு எவ்வளவு பாசமுள்ள குடும்பத்திலும் வேண்டாம். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் சொந்த வீட்டில் இருந்து இன்னொருவர் வீட்டுக்குக் குடிபோகிறார் என்று ஆகிவிடும்.

அம்மாவிடம் கடைசியாகத்தான் கேட்டோம் என்றில்லை, ஆரம்பத்திலேயே கேட்டோம். அவர் சொன்னது: "லிஃப்ட் இருந்தா நல்லதுதான். ஆனா ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போகணும், நம்ம டாக்டர் பக்கத்துல இருக்கணும். மேடவாக்கத்துல எனக்கு யாரைத் தெரியும்?" இதற்கு விலை போட முடியாது என்று சொல்வார்கள். நான் போட்டேன். மருத்துவமனைக்கு ஒவ்வொரு தடவையும் கார், கூட ஒரு ஆள், வேளச்சேரியில் இருந்து நான் விடுப்பு எடுத்து வரும் நாட்கள். அந்தத் தொகை சின்னது இல்லை.

மாற்று என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் எதிர் வீட்டு மாமாவும் மாமியும் இதே மாதிரி ஒரு பேரத்தை ஏற்றுக்கொண்டார்கள், இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அவர்கள் வாங்கியது இரண்டு தெரு தள்ளி, அதே நங்கநல்லூரில், பணி நிறைவுச் சான்று வந்த ஒரு ஃப்ளாட். ஈடு எதுவும் இல்லை. மீதி மதிப்பு முழுக்க காசோலையாக, பத்திரப் பதிவன்றே. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், திரும்பி வரும் எண்ணம் இல்லை. பழைய வீட்டைப் பராமரிக்க அவர்களால் முடியவில்லை. அவர்களுக்கு நிலத்தைவிட நிம்மதி முக்கியம், அது சரியான கணக்கு.

நாங்கள் எங்கள் நிபந்தனைகளை ஒரு கடிதமாகக் கொடுத்தோம். ஒரே பரிவர்த்தனைப் பத்திரம், அதற்கு முன் இரண்டு ஃப்ளாட்டின் மேலும் ஈடு ரத்தாகி வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும், பவர் கிடையாது, குடிமாற ஒரு மாத அவகாசம், ரொக்கத்தைக் கூட்ட வேண்டும். பில்டர் நேரில் வந்தார், மரியாதையாகப் பேசினார். ரொக்கத்தை 55 லட்சமாக்கினார், அவகாசம் தந்தார், செலவை ஏற்றார். ஈட்டை முன்கூட்டியே ரத்து செய்வதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரம் ஆனதும் முடித்துத் தருகிறேன் என்றார். அண்ணன் காபியைக் கொடுத்துவிட்டு, அப்படியானால் வேண்டாம் சார் என்றார்.

அவர் பக்கத்து மனையில் மட்டும் வேலையைத் தொடங்கிவிட்டார். தொடங்குவதற்கு முன் எங்கள் சுவர், தரை, கிணற்று உறை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அஸ்திவாரம் தோண்டும்போது விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்ற பேச்சு வராது. மாடியில் ஓதம் இருக்கிறது, அதற்கு இந்தக் கோடையில் வேலை பார்க்க வேண்டும். வாரிசுச் சான்று வந்துவிட்டது, நாலு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனு போட்டிருக்கிறோம். தங்கை அங்கே துணைத் தூதரகத்தில் அண்ணன் பெயருக்கு ஒரு பவர் எழுதி அனுப்புகிறாள். பட்டா, வரி வேலைகளுக்கு மட்டும். விற்கும் அதிகாரம் அதில் இல்லை. அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதால் தபால் உறையைக்கூட பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.